இரண்டு கோதுமை, ஒரு பாண்

பலெர்மோ நகரின் பல்லாரோ சந்தைப் பக்கம் நடந்தால் இத்தாலியமும் அரபியும் வங்காளமும் கலந்த இரைச்சலில் தமிழும் காதில் விழும். 1980-களில் தொடங்கி இலங்கைப் போருக்குத் தப்பி வந்த குடும்பங்கள் சிசிலித் தீவின் இந்தத் தலைநகரில் வேர்விட்டுவிட்டன. ஊருக்கு மேலே நிற்கும் பெல்லெக்ரினோ மலையின் குகைக்கோயிலில் சாந்தா ரொசாலியா இருக்கிறாள். 1624-ன் கொள்ளைநோயிலிருந்து நகரைக் காத்தவள் என்று பலெர்மோ மக்கள் நம்பும் புனிதை. அவளைப் பார்க்கக் கிறிஸ்தவத் தமிழர்களோடு சைவத் தமிழர்களும் மலையேறுகிறார்கள்.

அப்படி ஒரு வீட்டை மனத்தில் வைத்துக்கொள்வோம். ஞாயிற்றுக்கிழமை காலை. தேங்காய்ச் சம்பல் இடித்தாயிற்று. அதற்குத் தோதாக, ஊரில் சாப்பிட்ட அச்சுப் பாண் மாதிரி ஒன்று வேண்டும். வெள்ளையாக, சதுரமாக, அழுத்தினால் அமுங்கி விட்டால் எழும்புகிற பாண். கடையின் மாவு அலுமாரியில் கோதுமை மாவுப் பைகள் வரிசையாக நிற்கின்றன. ஒன்றில் மாவு மெல்லிய மஞ்சள், தொட்டால் நைசான ரவை போல நெருநெருக்கும். இன்னொன்று முகப் பவுடர் போல வெள்ளை. பலெர்மோவின் பேர்பெற்ற ரொட்டியெல்லாம் மஞ்சள் மாவில்தான் ஆகிறது. அதனால் முதல் ஞாயிறு மஞ்சள் மாவு. பாண் மணந்தது, ருசித்தது. ஆனால் அச்சின் பாதிக்கு மேல் எழவில்லை. அடுத்த ஞாயிறு வெள்ளை மாவு. விறுவிறுவென்று எழுந்து, சூடு பட்டதும் நடுவில் குழிந்துபோனது.

இரண்டும் கோதுமைதான். ஈஸ்ட், தண்ணீர், கை எல்லாம் ஒன்றுதான். பிறகு எங்கே பிசகியது?

பாணும் பானியும்

விடைக்குப் போகுமுன் ஒரு சொல்லைக் கவனிக்க வேண்டும். ஈழத்தில் 'பாண்' என்பது போர்த்துக்கீசியர் விட்டுச்சென்ற சொல். அதைச் சுடும் பேக்கரி அடுப்புக்கு அங்கே 'போறணை' என்று பெயர். அதுவும் போர்த்துக்கீசியமே, 'ஃபோர்னோ'விலிருந்து வந்தது. பலெர்மோவில் ரொட்டிக்குப் பேச்சுவழக்கில் 'பானி', அடுப்புக்கு 'ஃபுர்னு'. இரண்டு ஊர்ச் சொற்களுக்கும் தாய் லத்தீன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒருவர் முதல் நாள் பலெர்மோ ரொட்டிக்கடையில் நிற்கும்போது காதில் விழுவது பாதி தெரிந்த சொல்தான்.

அந்தக் கடையில் அடுக்கியிருப்பவற்றில் 'மஃபால்தா' கண்ணில் படாமல் போகாது. பாம்பு போல வளைத்து மடித்து, மேலே எள் அப்பிச் சுட்ட ரொட்டி அது. எள்ளுக்கு இங்கே 'ஜுஜ்ஜுலேனா' என்று பெயர். 831-ல் பலெர்மோவைப் பிடித்து இரு நூற்றாண்டுக்கு மேல் ஆண்ட அரபிகளின் 'ஜுல்ஜுலான்' அதற்குள் இன்னும் இருக்கிறது. ரொட்டியைப் பிளந்து 'பனெல்லே' வைத்துத் தருவார்கள். கடலை மாவைக் கிண்டி, ஆறவைத்து, துண்டு போட்டு எண்ணெயில் பொரித்தது. பஜ்ஜி தின்று வளர்ந்த நாக்குக்கு அறிமுகமே தேவைப்படாது.

இந்த ரொட்டிகளின் உட்புறம் மஞ்சள். அந்த மஞ்சளில்தான் நம் புதிருக்கான துப்பு இருக்கிறது.

மாவைக் கழுவினால் மிஞ்சுவது

இதை யாரும் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஒரு கைப்பிடி மைதாவைத் தண்ணீர் விட்டுக் கெட்டியாகப் பிசைந்து, அரை மணி நேரம் தண்ணீரில் மூழ்க வைத்து, பிறகு ஓடும் குழாயின் கீழே மெல்லப் பிசைந்துகொண்டே இருக்க வேண்டும். பால் போல வெள்ளை நீர் ஓடும். அது மாவுச்சத்து. நீர் தெளிந்த பிறகு கையில் மிஞ்சுவது மங்கிய நிறத்தில், சூயிங்கம் போல இழுபடும் ஓர் உருண்டை.

இத்தாலியின் பொலோஞா நகரத்து மருத்துவர் யாக்கொப்போ பார்த்தொலொமெயோ பெக்காரி இதைச் செய்துபார்த்து 1728-ல் அந்நகர அறிஞர் சபையில் விளக்கினார். 1745-ல் அது அச்சேறியது. அந்த உருண்டைதான் குளூட்டன். தமிழில் பசையம் எனலாம். கோதுமை மணிக்குள் இரண்டு வகைப் புரதங்கள் தனித்தனியாகக் கிடக்கின்றன. தண்ணீர் பட்டுப் பிசையும்போது அவை கைகோத்து வலையாகின்றன. ஒரு வகை இழுத்த பக்கம் நீண்டுகொடுக்கும். மற்றது விட்டதும் சுருங்கப் பார்க்கும். இரண்டும் சேர்ந்தால்தான் நல்ல வலை.

அந்த வலையின் முழுத் திறமையைப் பார்க்கப் பரோட்டா கடைக்குப் போனால் போதும். எண்ணெயில் ஊறிய மைதா உருண்டையை மாஸ்டர் கல்லின் மேல் வீசி வீசி விரிக்கிறார். அந்தப் பக்கம் இருப்பது தெரிகிற அளவுக்கு மெலிந்த பிறகும் கிழியவில்லை. அரிசி மாவிலோ கேழ்வரகு மாவிலோ இது நடக்காது. அவற்றில் புரதம் உண்டு, இப்படிப் பின்னிக்கொள்கிற புரதம் இல்லை. இட்லி எப்படி உப்புகிறது என்ற கேள்வி உடனே எழும். அங்கே காற்றைப் பிடித்து வைப்பது உளுந்தின் வழவழப்பு. உளுந்தைக் குறைத்தால் இட்லி கல்லாவது அதனால்தான்.

பிசைவதற்கு முன் அரைக்கவும் வேண்டும். டிசம்பர் 13, புனித லூசியா நாளில் பலெர்மோவில் ரொட்டியும் பாஸ்தாவும் உண்ண மாட்டார்கள். 1646-ல் கடும் பஞ்சத்தின்போது கோதுமைக் கப்பல் ஒன்று துறைமுகத்துக்கு வந்ததாகவும், மாவாக்கும்வரை பொறுக்க முடியாமல் மக்கள் மணியை அப்படியே வேகவைத்து உண்டதாகவும் ஒரு கதை வழங்குகிறது. இன்றும் அந்த நாளில் வேகவைத்த கோதுமையோடு ரிக்கோத்தா பாலாடைக்கட்டியும் இனிப்பும் கலந்து 'குச்சீயா' செய்கிறார்கள். முழு மணிக்குள் புரதம் அடைபட்டுக் கிடக்கிறது, வலை பின்ன வழியில்லை. ஆகவே அது கோதுமைச் சோறு, ரொட்டியின் உறவு என்று சொல்ல எதுவும் அதில் இல்லை.

ஒரு காட்டுப் புல்லின் கொடை

இப்போது மஞ்சள் மாவுக்கு வருவோம். அதன் பையில் 'செமொலா ரிமச்சினாதா' என்று அச்சிட்டிருக்கும். இருமுறை அரைத்த ரவை என்று பொருள். இது 'கிரானோ துரோ', அதாவது கடினக் கோதுமை. வெள்ளை மாவு 'கிரானோ தேனெரோ', மென் கோதுமை. ஒன்று மற்றதன் ரகம் என்று நினைத்துவிடக் கூடாது. இவை தனித்தனி இனங்கள்.

கடினக் கோதுமையின் உயிரணுவில் 28 குரோமோசோம்கள். நம் கடைகளில் சம்பா கோதுமை என்று விற்கும் எம்மர் வகைக்கும் அதே எண்ணிக்கை. ரொட்டிக் கோதுமை எனப்படும் மென் கோதுமைக்கோ 42. கூடுதலான 14 எங்கிருந்து வந்தன? சுமார் 8,000 முதல் 10,000 ஆண்டுகளுக்கு முன், காஸ்பியன் கடலின் தென்கரையை ஒட்டிய வயல் ஒன்றில், பயிரிட்ட கோதுமையின் மேல் ஆட்டுப்புல் என்னும் களையின் மகரந்தம் விழுந்தது. யாரும் திட்டமிட்டுச் செய்த ஒட்டு இல்லை. அந்தத் தற்செயலில் பிறந்த பயிர்தான் இன்று உலகத்தின் பெரும்பகுதிக் கோதுமை. நம் சப்பாத்தியும் மைதாவும் அதன் வழிவந்தவை.

ஆட்டுப்புல் தின்னத் தகுந்த தானியமே அல்ல. ஆனால் அது இரண்டு முக்கியமான சொத்துகளைக் கொண்டுவந்தது. முதலாவது, பசைய வலைக்கு மீள்வலிமை தரும் புரதங்கள். உப்பிக்கொண்டே போகும் குமிழைச் சுற்றி மேலும் மேலும் மெலிந்தும் கிழியாமல் நிற்பதற்கு இவை வேண்டும். கடினக் கோதுமைக்கு அந்தப் பங்கு கிடைக்கவே இல்லை. இரண்டாவது, மணியை மென்மையாக்கும் மரபணுக்கள். அவை இல்லாததால் கடினக் கோதுமை கல் போன்றது. அரைத்தால் பொடியாவதற்குப் பதில் குருணையாக உடைகிறது. அந்த உடைப்பில் மாவுச்சத்து மணிகளும் கீறுபடுகின்றன. கீறுபட்ட மணி நிறையத் தண்ணீரை உறிஞ்சும். பலெர்மோவுக்குப் பக்கத்து மொன்ரேயாலே ஊரின் ரொட்டி நாள்கணக்கில் காயாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். நிறமோ லூட்டின் என்ற நிறமியால் வருவது. முட்டை மஞ்சள் கருவிலும் சாமந்தியிலும் இருப்பதும் அதுவே.

ஆக, முதல் ஞாயிற்றுக்கிழமைப் பாண் குட்டையாக நின்றது கைக்குற்றமல்ல. அந்த மாவு பாஸ்தாவுக்குப் பிறந்தது. காய்ந்த பாஸ்தாவைக் கடினக் கோதுமையில்தான் செய்ய வேண்டும் என்று இத்தாலி 1967-ல் சட்டமே போட்டிருக்கிறது. வேகும்போது குழையாமல் இறுக்கமாக நிற்கிற குணம் பாஸ்தாவுக்கு வரம். அச்சுப் பாணுக்கு அது உதவாது.

இரட்டைப் பூஜ்யம் சொல்லாதது

அப்படியானால் வெள்ளை மாவு ஏன் ஏமாற்றியது? அதன் பையில் '00' என்று போட்டிருந்தது. அந்த எண் மாவு எவ்வளவு வெள்ளை என்பதை மட்டுமே குறிக்கிறது. மாவை எரித்தால் எவ்வளவு சாம்பல் மிஞ்சும் என்று அளப்பார்கள். தவிடு அதிகம் கலந்திருந்தால் சாம்பல் கூடும். இத்தாலியச் சட்டப்படி 00-ல் சாம்பல் 0.55 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. வலை எவ்வளவு வலுவானது என்று இந்த எண் பேசுவதே இல்லை. கேக் செய்கிற பலவீனமான மாவும் 00 ஆக இருக்கும், பீட்சாவுக்கான வலுவான மாவும் 00 ஆக இருக்கும்.

வலுவை அளக்க 1920-களில் பிரான்சின் மார்செல் ஷோபின் ஒரு கருவி செய்தார். பிசைந்த மாவின் தட்டையான துண்டுக்குக் கீழே காற்றை ஊதுவார்கள். அது பலூனாக உப்பி, எந்தக் கட்டத்தில் வெடிக்கிறது, அதற்கு எவ்வளவு விசை பிடித்தது என்று பதிவு செய்வார்கள். ரொட்டிக்குள் நடக்கும் கதையை ஒரே குமிழில் நடத்திக்காட்டும் கருவி. அதில் உயர்ந்த மதிப்பெண் வாங்கும் மாவை இத்தாலியர் 'மனிதோபா' என்கிறார்கள். வலுவான கோதுமை விளையும் கனடாவின் மானிடோபா மாகாணத்தின் பெயர், மாவின் வகைப்பெயராகவே நிலைத்துவிட்டது.

வீட்டில் கருவி இல்லை. பையின் பின்னால் அச்சிட்டிருக்கும் புரத அளவு ஓரளவு வழிகாட்டும். மென் கோதுமை மாவில் 100 கிராமுக்கு 9 அல்லது 10 கிராம் என்றால் பிஸ்கட்டுக்கு, 12-க்கு மேல் என்றால் பாணுக்கு. ஆனால் மஞ்சள் மாவுப் பையிலும் 12, 13 என்றே இருக்கும். அங்கே எண் ஏமாற்றிவிடும். வலையின் அளவும் முக்கியம், நூலின் தரமும் முக்கியம்.

மூன்றாவது ஞாயிறு

இம்முறை மனிதோபா பாதி, சாதாரண 00 பாதி. மொத்தம் 500 கிராம். தண்ணீரும் பாலுமாக 330 கிராம், வெண்ணெய் 30, சர்க்கரை 15, உப்பு 9, உலர்ந்த ஈஸ்ட் 5 கிராம். இலங்கைப் பாடப்புத்தகங்கள் ஈஸ்ட்டை மதுவம் என்கின்றன.

பிசைவதற்குமுன் ஒரு சின்ன வேலை. அந்த 500 கிராமிலிருந்து 25 கிராம் மாவை எடுத்து, மேலே சொன்ன தண்ணீரிலேயே 125 கிராமில் கரைத்து, அடுப்பில் வைத்துக் கஞ்சி காய்ச்ச வேண்டும். ஜப்பானியப் பேக்கரிக்காரர்கள் இதை ஒத்த முறையால் பேர்வாங்கினார்கள். வெந்த மாவுச்சத்து, பச்சை மாவைவிடப் பல மடங்கு தண்ணீரைப் பிடித்துவைக்கும். ஆறிய கஞ்சியை மாவோடு சேர்த்தால் பிசைய வருகிற மாவு கையில் ஒட்டி வழியாமலே கூடுதல் தண்ணீரைச் சுமக்கிறது.

பத்துப் பன்னிரண்டு நிமிடம் பிசைய வேண்டும். முதலில் மாவு கிழிசல் கிழிசலாக வரும். ஐந்தாம் நிமிடத்தில் ஒட்டுவது நின்று வழவழப்பு வரும். கடைசியில் சிறு துண்டைக் கிள்ளி இரு கைவிரல்களாலும் மெல்ல விரித்துச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்தால், பரோட்டா மாவு மாதிரியே மறுபக்கத்து விரல் நிழலாகத் தெரியும், கிழியாது. மஞ்சள் மாவில் இந்தச் சோதனையைச் செய்தால் சீக்கிரமே கிழியும்.

பிசைவது வலைக்காக மட்டும் என்று நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். அமெரிக்காவில் பேக்கர், மைஸ் என்ற இருவர் 1941-ல் வெளியிட்ட ஆய்வு வேறொன்றையும் காட்டியது. காற்றை உறிஞ்சிவிட்ட வெற்றிடத்தில் மாவைப் பிசைந்தால் ரொட்டிக்குள் கண்ணறைகளே சரியாக உருவாவதில்லை. ஈஸ்ட் வெளியிடும் கரியமிலவாயு புதிதாக ஒரு குமிழைக்கூடத் தொடங்கிவைப்பதில்லை. அது முதலில் மாவின் ஈரத்தில் கரைந்து, பிசையும்போது உள்ளே மடிந்துபோன காற்றுத் துணுக்குகளுக்குள் போய்ச் சேர்ந்து அவற்றை ஊதிப் பெரிதாக்குகிறது. சுட்ட பாணில் கண்ணுக்குத் தெரியும் ஒவ்வொரு கண்ணறையும் கைபோட்ட மடிப்பில் பிறந்தது.

மாவு இரு மடங்காகும்வரை மூடிவைக்க வேண்டும். பலெர்மோவின் ஆகஸ்டில் சமையலறை 30 டிகிரி இருக்கும். ஒரு மணி நேரம் போதும். ஜனவரியில் சூடேற்றாத அறையில் இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். இட்லி மாவு கோடையில் பொங்கி வழிவதும் மார்கழியில் படுத்துக்கிடப்பதும் தெரிந்தவர்களுக்குக் கடிகாரம் வேண்டாம், கண்ணே போதும். எழுந்த மாவை அமுக்கி மடிக்கும்போது பெரிய குமிழ்கள் உடைந்து சிறியவையாகப் பிரிகின்றன. சாண்ட்விச் பாணின் நெருக்கமான, சீரான கண்ணறைக்கு இந்த அமுக்கலே காரணம். சுருட்டி, எண்ணெய் தடவிய நீள அச்சில் மடிப்பு கீழே இருக்கும்படி வைத்து, விளிம்புக்கு மேல் ஒரு விரல் எழும்வரை மறுபடி காத்திருக்க வேண்டும்.

போறணைக்குள்

190 டிகிரிச் சூட்டில் ஏறத்தாழ 40 நிமிடம்.

முதல் பத்து நிமிடத்தில்தான் கடைசித் துள்ளல். சூடுபட்டுக் குமிழ்களின் காற்று விரிகிறது, ஈரத்தில் கரைந்திருந்த கரியமிலவாயு வெளியேறி உள்ளே புகுகிறது, ஈஸ்ட்டும் வெறிகொண்டு உழைத்துவிட்டு 55, 60 டிகிரியில் உயிர்விடுகிறது. இரண்டாவது ஞாயிற்றின் பலவீனமான மாவு குழிந்தது இந்தக் கட்டத்தில்தான். வலை மெலிந்து கிழிந்து, குமிழ் குமிழோடு கலந்து, தாங்க ஆளில்லாமல் கூரை இறங்கிவிட்டது.

வலுவான வலை இன்னும் சில நிமிடம் தாங்கிப் பிடிக்கிறது. அதற்குள் மாவுச்சத்து மணிகள் தண்ணீரைக் குடித்து வீங்கி வெந்துவிடுகின்றன, பசையமும் இறுகுகிறது. அப்போது ஓர் அழகான மாற்றம் நடக்கிறது. விறைத்த சுவர்கள் ஆங்காங்கே விரிசல் விட, மூடிய குமிழ்கள் ஒன்றோடொன்று கதவு திறந்துகொள்கின்றன. நுரை கடற்பஞ்சாகிறது. ஆறும்போது வெளிக்காற்று உள்ளே போய்வர வழி இருப்பதால் பாண் சுருங்கிப்போவதில்லை. பலெர்மோவின் தெருவோரத் தடிமனான ரொட்டி 'ஸ்ஃபின்சோனே'. அதன் பெயரே லத்தீனில் கடற்பஞ்சைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள்.

மேல்தோலில் வேறு வேலை. உள்ளே ஈரம் இருக்கும்வரை 100 டிகிரியைத் தாண்ட முடியாது. வெளியே ஈரம் வற்றியதும் சூடு ஏறி, சர்க்கரையும் புரதமும் சேர்ந்து பொன்னிறமும் மணமும் பிறக்கின்றன. பால் ஊற்றிய பாண் சீக்கிரம் சிவப்பது பாலின் சர்க்கரையால்.

அச்சிலிருந்து கவிழ்த்த உடனே வெட்டக் கூடாது. வெந்த மாவுச்சத்து இன்னும் களி நிலையில்தான் இருக்கும். கத்தியில் அப்பிக்கொண்டு வரும். ஒரு மணி நேரமாவது கம்பித் தட்டில் ஆறவிட்டால் அது கெட்டிப்பட்டுத் துண்டு சீராக விழும். மணத்தை வைத்துக்கொண்டு அந்த ஒரு மணி நேரம் காத்திருப்பதுதான் இந்த வேலையிலேயே கடினமான பகுதி.

மூன்றாம் நாள்

பழைய பாண் கெட்டிப்படுவது ஈரம் போவதால் என்றுதான் எல்லோரும் நினைப்போம். பிரெஞ்சு வேதியியலாளர் ழான் பாப்தீஸ்த் பூசெங்கோ 1852-ல் இதைச் சோதித்தார். ஈரம் வெளியேற வழியில்லாமல் அடைத்து வைத்த ரொட்டியும் கெட்டியானது. அதையே சூடாக்கியபோது மறுபடி மிருதுவானது. போன ஈரம் திரும்பிவர வழியில்லை, ஆகவே ஈரம் போகவே இல்லை. வெந்தபோது கட்டவிழ்ந்த மாவுச்சத்து இழைகள் ஆறிய பிறகு மெல்ல மெல்ல மறுபடி வரிசை கட்டி இறுகுகின்றன. மீள்கட்டு என்று இதைச் சொல்லலாம். பழைய சோறு விறைப்பதும் முந்தைய நாள் இட்லி இறுகுவதும் இதே கதைதான்.

மீள்கட்டு அதிவேகமாக நடக்கும் இடம் குளிர்பெட்டி. 4 டிகிரி அதற்கு மிகவும் பிடித்த சூழல். பாணைப் பத்திரமாக இருக்கட்டும் என்று அங்கே வைத்தால் மறுநாளே முதுமை வந்துவிடும். உறைநிலைப் பெட்டியில் வைத்தால் கிட்டத்தட்ட நின்றுவிடும். கடைப் பாண் ஒரு வாரம் மிருதுவாக இருப்பதற்கு, இழைகள் வரிசை கட்டாமல் தடுக்கும் நொதிகளும் கொழுப்புப் பொருள்களும் பெரிய காரணம். வீட்டுப் பாணில் அந்த இடத்தை வெண்ணெயும் கஞ்சியும் முடிந்தவரை நிரப்புகின்றன. அதையும் மீறி இறுகினால் தோசைக்கல் இருக்கிறது. பூசெங்கோ கண்டதை அது ஒரு நிமிடத்தில் செய்துகாட்டும்.

அந்த வீட்டில் மூன்றாவது ஞாயிற்றின் பாண் சம்பலோடு அன்றே தீர்ந்துவிடும். முதல் ஞாயிற்றின் குட்டையான மஞ்சள் பாண் கொஞ்சம் மிஞ்சியிருந்தால் அதற்குப் பலெர்மோவில் நல்ல இடம் உண்டு. உதிர்த்து, இரும்புச் சட்டியில் ஒலிவெண்ணெய் விட்டு, இளஞ்சூட்டில் விடாமல் கிளறிச் செம்பழுப்பாக வறுப்பார்கள். 'முத்திக்கா' என்று பெயர். நெத்தலி மீன் கரைந்த தக்காளிக் குழம்பில் புரட்டிய பாஸ்தாவின் மேல், பாலாடைக்கட்டிக்குப் பதிலாக அதைக் கைநிறைய அள்ளித் தூவுவார்கள். எண்ணெயில் வறுபட்ட துகள் குழம்பில் பட்டும் சட்டென்று ஊறிவிடாது. கடைசி வாய்வரை பல்லில் மொறுமொறுக்கும்.